பெயர்ப்பலகை இல்லாத குளிரூட்டிக் கடையும் அதன் நீலக் கொப்பியும்

ஸ்ரான்லி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில், வாசலின் இருபுறமும் பழைய ஏ.சி. வெளி அலகுகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்ட குளிரூட்டித் திருத்தகம் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஏன் என்று கேட்டால், "பலகை போட்டால் வாற வேலையைச் செய்ய ஆள் வேணுமே, ஐயா" என்கிறார் உரிமையாளர். அவரோடு சேர்த்து மூன்று பேர்தான் அங்கே வேலை செய்கிறார்கள். நல்லூரில் நாங்கள் நடத்தும் சிறிய தங்குவிடுதியின் குளிரூட்டிகளை 2023 யூன் மாதம் முதல் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை இவர்களே பராமரித்து வருகிறார்கள். கடந்த ஒக்ரோபருடன் எட்டு வருகைகள் முடிந்துவிட்டன. கழுவுவதிலும் துடைப்பதிலும் இவர்களுக்கு நிகரில்லை என்று சொல்லமாட்டேன். அந்த வேலையை ஒழுங்காகச் செய்யக்கூடியவர்கள் யாழ்ப்பாண நகருக்குள்ளேயே வேறும் பலர் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி எழுதத் தோன்றியது, ஒவ்வொரு தடவையும் இவர்கள் எழுதிவிட்டுப் போகும் கொப்பிக்காக.

நான் ஓய்வு பெறும்வரை அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் களஞ்சியத்தில் வேலை பார்த்தவன். ஒரு கதிரை எந்தத் திகதியில், எந்தக் கட்டளை இலக்கத்தில் உள்ளே வந்தது, எந்த அறைக்குப் போனது, எப்போது அதன் கால் முறிந்தது, யார் கையொப்பமிட்டு அதைக் கழித்தார்கள் என்பவற்றை எழுதி எழுதியே முப்பது வருடம் போனது. அப்படிப்பட்டவன் தன் சொந்தக் கூரைக்குக் கீழே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபா கொடுத்து வாங்கிய இயந்திரங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்காமல் ஆறு வருடம் இருந்தேன் என்பதை வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2017 இல் ஐந்து அறைகளுக்கும் குளிரூட்டி பூட்டியவர்கள் வேறொரு நிறுவனத்தினர். காலையில் வந்து சுவரில் துளையிட்டார்கள், மாலைக்குள் ஐந்தையும் ஓடவிட்டுக் காட்டினார்கள், "ஏ.சி. 5, பூட்டுக்கூலியுடன்" என்று ஒரே வரியில் பற்றுச்சீட்டு எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். உத்தரவாத அட்டைகள் ஐந்தும் பெட்டிக்குள் வந்தபடியே, எதுவும் நிரப்பப்படாமல் என் மேசை இலாச்சிக்குள் கிடந்தன. 2019 இல் ஐந்தாம் அறையின் கொம்பிரசர், அதாவது காஸை அமுக்கிச் சுற்றவிடும் பகுதி, நின்றுபோனபோது, அதற்கு ஐந்து வருட உத்தரவாதம் இருக்கிறதே என்ற தைரியத்தில் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். பூட்டிய திகதி எங்கே, வெளி அலகின் தொடரிலக்கம் எங்கே என்று கேட்டார்கள். உள் அலகுக்கு ஒரு தொடரிலக்கமும் வெளி அலகுக்கு வேறொரு தொடரிலக்கமும் இருக்கும் என்பதும், கொம்பிரசர் வெளி அலகுக்குள் இருப்பதால் அந்த இலக்கமே கணக்கில் எடுக்கப்படும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியவந்தது. பற்றுச்சீட்டில் உள்ள ஐந்தில் இது எது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. முழுப்பணமும் என் கையிலிருந்து போனது. அட்டையை நிரப்பித் தராத தவறு அவர்களுடையது. நிரப்பாத அட்டையை வாங்கி இலாச்சிக்குள் வைத்த தவறு என்னுடையது. களஞ்சியத்தில் ஒரு கனிட்ட எழுதுவினைஞர் இப்படிச் செய்திருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியிருப்பேன்.

இப்போதைய கடைக்காரரை நண்பர் ஒருவர் சொல்லி அழைத்தேன். 2023 யூனில், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவினர்கள் வந்து இறங்குவதற்கு முன்னர் எல்லாவற்றையும் ஒருமுறை கழுவி விட்டால் போதும் என்பதே என் எண்ணம். வந்தவர் கருவிப் பையைத் திறக்கவில்லை. "ஐயா, முதல் கொப்பியைக் காட்டுங்கோ" என்றார். கொப்பி எதுவும் இல்லை என்றதும் முகத்தைச் சுளிக்காமல், உதவியாளரைச் சந்திக் கடைக்கு அனுப்பி நீல மட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கிவரச் செய்தார். பிறகு இரண்டரை மணித்தியாலம் எழுதினார்கள். உண்மையைச் சொன்னால், வேலை தெரியாதவர்கள் நேரம் கடத்துகிறார்களோ என்று அப்போது சந்தேகப்பட்டேன்.

எழுதியது இவ்வளவுதான்: ஒவ்வொரு குளிரூட்டிக்கும் நான்கு பக்கங்கள் ஒதுக்கி, மேலே அலகின் இலக்கம், அது இருக்கும் அறை, உள் அலகினதும் வெளி அலகினதும் மாதிரி இலக்கமும் தொடரிலக்கமும், எத்தனை பி.டி.யூ. (குளிரூட்டும் வலு), எந்த காஸ், தொழிற்சாலையில் எத்தனை கிராம் நிரப்பப்பட்டது, விபரத் தகட்டில் உள்ள மின்னோட்ட அளவு, செப்புக் குழாய்களின் பருமன், நாடா பிடித்து அளந்த குழாயின் நீளம், பிரேக்கரின் அளவு, கழிவுநீர்க் குழாய் எங்கே போய் விழுகிறது என்பவை. அதன்பின் ஒன்று முதல் ஆறு வரையான இலக்கங்களை உள்ளேயும் வெளியேயும் அழியாத மையால் எழுதினார்கள். மேல்மாடியின் பின்சுவரில் வரிசையாக நிற்கும் வெளி அலகுகளில் எது எந்த அறைக்குரியது என்று ஆறு வருடமாக நான் ஊகித்து வைத்திருந்ததில் இரண்டு தலைகீழாக இருந்தன. மூன்றாம் அறையில் கோளாறு என்று சொல்லி அழைத்த வேளைகளில், முன்னைய ஆட்கள் நான்காம் அறையின் வெளி அலகைக் கழுவிவிட்டுக் காசு வாங்கிப் போயிருக்கவும் கூடும். யார் கண்டது?

அன்றைய எழுத்தில் இன்னொன்றும் வெளிப்பட்டது. விறாந்தையை அடுத்த கூடத்தில் இருக்கும் குளிரூட்டி, என் தம்பி கொழும்பு வீட்டை விற்றபோது 2011 இல் கழற்றிக்கொண்டு வந்தது. அதன் தகட்டில் ஆர்-22 என்றும், அறைகளில் உள்ள ஐந்திலும் ஆர்-410ஏ என்றும் இருந்தது. காஸ் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்திருந்த எனக்கு அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஆர்-410ஏ இன் அமுக்கம் ஆர்-22 இனதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டின் கொம்பிரசர்களுக்குள்ளும் இருக்கும் எண்ணெய் வேறு வேறு இனம். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஏற்றினால் இயந்திரம் நாளடைவில் பழுதாகும். ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைப்பது என்பதால், 1987 இன் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வளர்முக நாடுகளும் 2030 உடன் அதன் பாவனையை, பழைய இயந்திரங்களைப் பராமரிக்கும் சிறு அளவு தவிர, முடிவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இந்த விளக்கமெல்லாம் கொப்பியில் இல்லை. கூடத்து அலகின் பக்கத்தில் சிவப்பு மையில் "ஆர்-22, வேறு காஸ் ஏற்றக்கூடாது" என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது. நாளைக்கு இவர்களுக்குப் பதிலாக வேறு யார் வந்தாலும் அந்த ஒரு வரி போதும்.

கொப்பியின் முதற்பக்கத்தில் அவர் எழுதிய ஒரு குறிப்பு என்னை மிகவும் கவர்ந்தது. "2017 முதல் 2023 வரை: பதிவு இல்லை. வீட்டுக்காரர் சொன்னது: மூன்றாம் அறைக்கு மூன்று தடவை காஸ் ஏற்றப்பட்டது, அளவு தெரியாது. 2022 இல் எந்தப் பராமரிப்பும் இல்லை." 2022 என்ன ஆண்டு என்று நினைவிருக்கும், நாளொன்றுக்கு பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தில் குளிரூட்டியைக் கழுவுவதைப் பற்றி யார் யோசித்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று திகதி போட்டு எழுதுவது களஞ்சிய வேலையிலேயே கடினமான பழக்கம். வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பிவிட எல்லோருக்கும் கை துருதுருக்கும். இந்த மனிதர் அதைச் செய்யவில்லை.

ஒவ்வொரு வருகையிலும் கழுவி முடித்த பிறகு, கதவு யன்னல்களைச் சாத்தி, மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்து, இருபது நிமிடம் ஓடவிட்டு நான்கு இலக்கங்களை எழுதுகிறார்கள்: அறையிலிருந்து உள்ளே இழுபடும் காற்றின் வெப்பநிலை, வெளியே வரும் குளிர்காற்றின் வெப்பநிலை, கொம்பிரசர் எடுக்கும் அம்பியர், அந்த நேரத்தில் இருந்த வோல்ற்றளவு. பக்கத்தில் வெளியே எத்தனை பாகை வெயில் என்பதும் இருக்கும். இரண்டு காற்றுக்கும் இடையில் எட்டு முதல் பன்னிரண்டு பாகை செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் பொதுவாக நல்லது என்றார். அமுக்கமானியை ஏன் பூட்டிப் பார்ப்பதில்லை என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் பூட்டிக் கழற்றும்போது குழாயில் நிற்கும் கொஞ்ச காஸ் வெளியே போகும் என்றும், ஒரு கிலோவுக்கும் குறைவான காஸ் உள்ள சிறிய இயந்திரத்தில் அந்தக் கொஞ்சமும் கணக்குத்தான் என்றும், மற்ற இலக்கங்கள் சரியாக இருக்கும்போது அதைத் திறக்கத் தேவையில்லை என்றும் பதில் வந்தது. மானியை மாட்டிப் பார்ப்பதுதான் பெரிய வைத்தியம் என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

இந்த நான்கு இலக்கங்கள் என்ன செய்தன என்பதை மூன்றாம் அறையின் கதையால்தான் சொல்ல வேண்டும்.

அந்த அறைக்கு முன்னைய ஆட்கள் மூன்று தடவை காஸ் ஏற்றியிருந்தார்கள். கடைசித் தடவை 2023 ஏப்ரிலில். மூன்று பற்றுச்சீட்டிலும் "காஸ் நிரப்பியது" என்று மட்டும் இருந்தது. எத்தனை கிராம் என்று ஒன்றிலும் இல்லை. மூன்று சீட்டுகளும் மூன்று வேறு வேறு வருடங்களில் வந்தவை, மூன்று வேறு வேறு இடங்களில் கிடந்தவை என்பதால் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் வரவில்லை. வெயில் காலத்தில் காஸ் குறையும், ஏற்ற வேண்டும், வாகனத்துக்கு எண்ணெய் அடிப்பது போல என்று நினைத்திருந்தேன். குளிரூட்டிக்குள் இருக்கும் காஸ் செலவாகும் பொருள் அன்று. அது மூடிய குழாய்க்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது.

புதியவர்கள் வந்த யூனில் மூன்றாம் அறையின் வெப்பநிலை வித்தியாசம் பதினொரு பாகை, மின்னோட்டம் 5.2 அம்பியர். ஒக்ரோபரில் ஒன்பது பாகை, 4.8 அம்பியர். அழுக்காக இருக்கலாம் என்று மீண்டும் ஒருமுறை நன்றாகக் கழுவிப் பார்த்தார்கள், இலக்கம் மேலேறவில்லை. அந்த வரிக்குச் சிவப்பு வட்டம் போட்டார். 2024 பெப்ரவரியில் ஏழு பாகை, 4.3 அம்பியர். அறையில் தங்கியிருந்தவர் அதுவரை எந்த முறைப்பாடும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தை, மாசியில் யாழ்ப்பாணத்து இரவுக்கு ஏழு பாகையே தாராளம். பெப்ரவரியில் வெளியே வெயில் குறைவு, அதனாலும் மின்னோட்டம் சற்றுக் குறையும், அதை நம்பி ஏமாறக்கூடாது என்று சொல்லி, அதே மாதிரி, அதே வயதுடைய இரண்டாம் அறையின் பக்கத்தைப் புரட்டினார். அதே நாளில் அங்கே 5.0 அம்பியர், பத்தரைப் பாகை. குளிரும் மின்னோட்டமும் சேர்ந்து இறங்குவது மூன்றாம் அறையில் காஸ் குறைவதன் அடையாளம். பக்கத்து அறையையே அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை, இரண்டு பக்கங்களும் ஒரே கொப்பியில் இருந்தபடியால்தான் சாத்தியமானது.

அதற்குப் பிறகு செய்த வேலையும் வரிவரியாகக் கொப்பியில் இருக்கிறது. உள்ளே எஞ்சியிருந்த காஸை வெளியே விடாமல் வேறொரு உருளைக்குள் இழுத்து நிறுத்தார்கள்: 620 கிராம். நைதரசன் ஏற்றிச் சவர்க்கார நீர் பூசியபோது, உள் அலகின் பின்னால், சுவருக்குள் மறைந்திருந்த பித்தளை நட்டின் வாயிலிருந்து குமிழி வந்தது. அதைச் சுற்றி எண்ணெய்க் கறையும் இருந்தது. 2017 இல் குழாயின் வாயைச் சரியாக விரிக்காமல் முறுக்கியிருக்கிறார்கள். வாயை வெட்டிப் புதிதாக விரித்து, முறுக்கு விசையை அளக்கும் சாவியால் இறுக்கி, மறுபடி நைதரசனில் சோதித்து, வெற்றிடமாக்கி, பிறகு தராசில் வைத்து காஸ் ஏற்றினார்கள். தகட்டில் உள்ள அளவு 780 கிராம். அது ஐந்து மீற்றர் குழாய்க்கு உரியது. எங்கள் வீட்டில் குழாய் பதினொரு மீற்றர் என்று முதல்நாள் நாடா பிடித்து எழுதியது இங்கேதான் கைகொடுத்தது. மேலதிகமான ஆறு மீற்றருக்கு, அந்த இயந்திரத்தின் கைநூல் சொல்லும் மீற்றருக்கு இருபது கிராம் வீதம் 120 கிராம் சேர்த்து, மொத்தம் 900 கிராம். அதாவது பத்து மாதத்தில் கால் கிலோவுக்கு மேல் காற்றில் போயிருக்கிறது. ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியேறுவது இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு வெளியேறுவதற்குச் சமம் என்று கணிக்கப்படுகிறது. முன்னைய மூன்று தடவையும் நான் காசு கொடுத்து வாங்கியது அதைத்தான்.

அன்று முதல் கடந்த ஒக்ரோபர் வரை, வேறு வெப்பமானி வந்த ஒரு தடவை தவிர, மூன்றாம் அறையின் இலக்கங்கள் ஐந்து அம்பியருக்கும் பதினொரு பாகைக்கும் அக்கம்பக்கத்திலேயே நிற்கின்றன.

2024 மே மாதம், மேற்கு வெயில் விழும் மேல்மாடி அறைக்கு ஏழாவது குளிரூட்டியை இவர்களைக் கொண்டே பூட்டினேன். ஆர்-32 காஸில் ஓடும் இன்வேர்ட்டர் வகை. பூட்டிய நாளின் பதிவு ஒன்றரைப் பக்கத்துக்கு நீள்கிறது. நைதரசன் ஏற்றிய அமுக்கம், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், இரண்டு நேரத்திலும் இருந்த வெளி வெப்பநிலை ஆகியவற்றை எழுதியிருக்கிறார்கள். வெயில் ஏறினால் ஒழுக்கு இல்லாமலே அமுக்கம் கூடும், மாலையில் தானாகவே குறையும், ஆகவே வெப்பநிலை இல்லாத அமுக்க அளவு பயனற்றது என்பது அவர் சொன்ன காரணம். வெற்றிடம் 400 மைக்கிரோன்வரை (இலக்கம் குறையக் குறைய வெற்றிடம் நல்லது) இறக்கப்பட்டு, பம்பை நிறுத்திப் பதினைந்து நிமிடம் பார்த்தபோது 500 ஐத் தாண்டவில்லை. முன்னைய ஐந்தையும் ஒரே பகலில் பூட்டியவர்களிடம் வெற்றிடப் பம்பு இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. வெளி அலகின் காஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயிலிருந்த காற்றைத் தள்ளும் குறுக்குவழியைத்தான் பிடித்திருப்பார்கள். கழிவுநீர்க் குழாயில் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி, அது முழுவதும் வெளியே வந்ததையும் எழுதினார்கள். உத்தரவாத அட்டையை அவரே நிரப்பி, அதன் படத்தையும் பற்றுச்சீட்டின் படத்தையும் கொப்பியில் ஒட்டச் சொன்னார். பற்றுச்சீட்டு வெப்பத்தால் அச்சாகும் வழுவழுப்பான தாளில் இருந்தது. ஒரு வருடம் கழித்து இலாச்சியைத் திறந்து பார்த்தபோது மூலத்தாள் வெறும் வெள்ளையாகிவிட்டது. கொப்பியில் ஒட்டிய பிரதி அப்படியே இருக்கிறது.

இன்வேர்ட்டர் விடயத்தில் ஒரு நுணுக்கம். சாதாரண கொம்பிரசர் ஒரே வேகத்தில் சுழல்வதால் அதன் அம்பியரை மாதத்துக்கு மாதம் ஒப்பிடலாம். இன்வேர்ட்டர் அறையின் தேவைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும். எந்த நிலையில் எடுத்தது என்று எழுதாத இலக்கம் எதற்கும் உதவாது. ஏழாம் அலகின் பக்கத்தில் "16 பாகையில், முழு வேகத்தில், 20 நிமிடம் கழித்து" என்று ஒவ்வொரு தடவையும் எழுதுகிறார்கள். உதவியாளர் இரண்டு தடவை இதை எழுத மறந்திருக்கிறார். அந்த இரண்டு வரிகளையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்கே உரிய சில தொல்லைகளும் கொப்பியில் இடம்பிடித்திருக்கின்றன. மூன்று பக்கமும் கடலும் நடுவே களப்புமாக இருக்கும் இடத்தில் உப்புக்காற்று வெளி அலகின் அலுமினியத் தகடுகளை அரிப்பது தவிர்க்க முடியாதது. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, எந்த மூலையில் தகடு உதிர்கிறது என்று குறிக்கிறார்கள். சுண்ணக்கல்லுக்குள் ஊறிவரும் எங்கள் கிணற்று நீர் கடினமானது. அதால் கழுவினால் தகடுகளுக்கிடையில் வெள்ளையாகப் படியும். மழைநீர்த் தொட்டியில் நீர் இருக்கும்போது அதையும், இல்லாதபோது கிணற்று நீரையும் பாவித்து, எதைப் பாவித்தோம் என்றும் எழுதுகிறார்கள். ஆறாம் இலக்க அலகில் இரண்டு தடவை பல்லி ஏறிச் சுற்றுப்பலகை கருகியது. இரண்டாவது தடவை எழுதும்போதுதான் முதல் தடவை எழுதியது கண்ணில் பட்டது, உடனே குழாய் நுழையும் துவாரத்தை அடைத்தார்கள். அதற்குப் பிறகு பல்லி இல்லை. 2024 நவம்பர் இறுதியில் குடாநாடு வெள்ளத்தில் கிடந்தபோது, கீழ்த்தளத்தில் இருந்த கூடத்து வெளி அலகின் அடிவரை தண்ணீர் வந்தது. வெள்ளம் வடிந்ததும் அந்த மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு, நிலத்திலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று கொப்பியிலும் எழுதி, அலகைத் தாங்கும் சட்டத்தை அதற்கு மேலே உயர்த்தினார்கள்.

இனிக் குறைகள். முதலாவது, எழுத்து. உரிமையாளரின் கையெழுத்து முத்துப்போல இருக்கும். உதவியாளர் ஒருவரின் எழுத்தை மருந்துக்கடைக்காரர்தான் வாசிக்க வேண்டும். ஆங்கிலச் சுருக்கெழுத்துகளை விளக்கமின்றி எழுதுவது இன்னொரு தொல்லை. நான் இல்லாத நேரத்தில் விடுதியைப் பார்க்கும் என் மருமகளுக்கு அவை விளங்காது என்று சொன்ன பிறகு, கொப்பியின் பின்மட்டையில் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் தமிழில் பொருள் எழுதித் தந்தார்கள். நாமாகக் கேட்டிராவிட்டால் தந்திருக்கமாட்டார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பாரதூரமானது. அவர்களிடம் உள்ள இரண்டு வெப்பமானிகளும் குளிர்காற்றை அளக்கும்போது ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இரண்டு பாகை வேறுபடுகின்றன. 2024 யூனில் எல்லா அறைகளிலும் ஒரேயடியாக வித்தியாசம் குறைந்திருப்பதைக் கண்டு நான் பயந்து அழைத்தபோதுதான், அன்று மற்ற மானி வந்திருக்கிறது என்பது தெரிந்தது. இப்போது மானிகளுக்கு அ, ஆ என்று பெயரிட்டு, எந்த மானி என்றும் எழுதுகிறார்கள். சரியான தீர்வு இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவது அல்லது பிழையானதை எறிவது. சொல்லியிருக்கிறேன், இன்னும் நடக்கவில்லை.

மூன்றாவது, கடையில் இருக்க வேண்டிய பிரதி. வீட்டுக் கொப்பியின் பக்கங்களைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போய்க் கடையில் பெரிய பதிவேட்டில் பெயர்த்து எழுதுவதாகச் சொன்னார்கள். 2025 இன் நடுப்பகுதியில் அந்தத் தொலைபேசி தொலைந்தது. எட்டு மாதத்துப் பக்கங்கள் கடைப் பதிவேட்டில் ஏறவேயில்லை என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் கொப்பி இருந்ததால் எழுத்துக்கு நட்டமில்லை. உப்பரிப்புப் படங்கள் போனவை போனவைதான். கொப்பியை வைத்திருக்காத வாடிக்கையாளர்களின் கதி என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது படங்களை அன்றைக்கே எனக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள்.

கட்டணம் ஒரு அலகுக்கு 4,500 ரூபா. மற்ற இடங்களில் ஆயிரம் ரூபா குறைவாகச் செய்விக்கலாம். ஏழு அலகையும் முடிக்க ஒரு முழுநாள் எடுக்கிறார்கள், அதில் எழுத்துக்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் போகும். விடுதி நிரம்பியிருக்கும் நாட்களில் இது சிரமம்தான். திருவிழாக் காலத்தில் இவர்களைப் பிடிக்கவே முடியாது. கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் சொல்லி வைக்காதவர்கள், இருபத்தைந்து நாளும் முடிந்து பூங்காவனமும் போன பிறகுதான் அவரைக் காணலாம். வேறொரு பெரிய நிறுவனம் தொலைபேசிச் செயலியில் பதிவு தருவதாகச் சொல்லி என்னை அணுகியது. செயலியைத் திறந்து காட்டச் சொன்னேன். திகதிக்கு எதிரே பச்சை நிறச் சரி அடையாளம் ஒன்று இருந்தது. அதைத் தட்டினால் "பராமரிப்பு நிறைவுற்றது" என்று வந்தது. மூன்றாம் அறையின் பழைய மூன்று பற்றுச்சீட்டுகளும் எனக்குச் சொன்னது அதையேதான்.

கூடத்து ஆர்-22 அலகின் பக்கத்தில் கடந்த வருடம் அவர் எழுதியது: "அடுத்த ஒழுக்கோடு மாற்றவும். திருத்திச் செலவழிக்க வேண்டாம்." திருத்தினால் அவருக்குத்தான் வருமானம் என்பதையும் சேர்த்து இதை வாசிக்க வேண்டும்.

அடுத்த வருகை இந்தப் பெப்ரவரியில். நேற்று கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இதுவரை மற்றவற்றுக்கு அளவுகோலாக நின்ற இரண்டாம் அறைக்கு, ஆ மானியில்லாமல் அ மானியாலேயே எடுத்த இலக்கங்கள், 2025 பெப்ரவரியில் பத்தரைப் பாகை, யூனில் பத்து, ஒக்ரோபரில் ஒன்பதரை. அம்பியரும் 5.0, 4.9, 4.8 என்று இறங்கியிருக்கிறது. ஒக்ரோபர் வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறிய கேள்விக்குறி இருக்கிறது. அதைப் போட்டது அவர் அல்லர், நான்.